கர்ப்பப்பையை எடுத்தால் வலி போய்விடுமா?

அடிவயிற்று வலியோடு மருத்துவமனைக்குப் போகும் பெண்ணுக்கு நம் நாட்டில் இரண்டு விதமான அநீதிகள் நடக்கின்றன. ‘மாசா மாசம் வர்றதுதானே, எல்லாரும் பொறுத்துக்கலையா?’ என்று வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படுவது ஒன்று. பதின்ம வயதில் தொடங்கிய வலிக்கு ஒரு பெயர் கிடைப்பதற்குள் படிப்பு முடிந்து, கல்யாணம் முடிந்து, ‘ஏன் இன்னும் விசேஷம் இல்லை’ என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. இன்னொன்று இதற்கு நேர் எதிரானது. ஸ்கேன் எடுத்த மறுநாளே ‘பையில புண் இருக்கு, விட்டா கேன்சராயிடும். ரெண்டு குழந்தை இருக்குல்லம்மா, எடுத்துடலாம்’ என்று சொல்லப்பட்டு, முப்பது வயதிலேயே கர்ப்பப்பையை இழந்து வீடு திரும்புவது. முதல் பெண்ணுக்குத் தேர்ந்த கையால் ஓர் அறுவைசிகிச்சை தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. இரண்டாம் பெண்ணுக்கு அது தேவைப்படவே இல்லை, கேட்காமலே கிடைத்தது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வலி எங்கிருந்து வருகிறது என்று யாரும் உட்கார்ந்து தேடவில்லை. கண்டுபிடிக்கப்பட்ட ஒரு காரணத்துக்கு அறுவைசிகிச்சை பதிலாக இருக்கலாம். ‘வலிக்கிறது’ என்ற ஒற்றைப் புகாருக்கு அது பதிலாகாது. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் உலகில் நடந்த கவனமான ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். நம் மருத்துவமனைகளின் நடைமுறையில் இது இன்னும் இறங்கவில்லை என்பதே என் கவலை.

ஒரே பாதை, பல உறுப்புகள்

தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக் கூட்டுக்குள், ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்தோ விட்டுவிட்டோ வரும் வலியை நாள்பட்ட இடுப்பறை வலி என்று மருத்துவம் வரையறுக்கிறது. அது தனி ஒரு நோயின் பெயர் அல்ல. கர்ப்பப்பையின் உட்சுவரை ஒத்த திசு வெளியே சினைப்பையிலோ, குடலிலோ, இடுப்பறைச் சவ்விலோ வளரும் எண்டோமெட்ரியோசிஸ் அதற்குக் காரணமாகலாம். அதே திசு கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே ஊடுருவும் அடினோமயோசிஸ், பழைய தொற்று விட்டுச்சென்ற தழும்பு, முந்தைய அறுவையால் உண்டான ஒட்டல்கள், நம் நாட்டில் மறந்துவிடக் கூடாத பிறப்புறுப்புக் காசநோய் ஆகியவையும் இருக்கலாம். காரணம் பெண்ணுறுப்புகளில் இல்லாமலும் போகலாம். குடல் எரிச்சல் நோய், சிறுநீர்ப்பை வலி நோய், இடுப்புத் தளத் தசைகளின் இறுக்கம், வயிற்றுச் சுவரில் சிக்கிய நரம்பு என்று பட்டியல் நீள்கிறது. ஒரே பெண்ணிடம் இவற்றில் இரண்டு, மூன்று சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம்.

குழப்பம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தின் ஏறக்குறைய அதே பகுதிகளில் வந்து சேர்கின்றன. எந்த உறுப்பு புகார் சொல்கிறது என்று மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய முடிவதில்லை. சிறுநீர்ப்பையின் வலி கர்ப்பப்பை வலியாகவும், குடலின் வலி சினைப்பை வலியாகவும் உணரப்படும். அதனால் எந்தத் துறை மருத்துவரிடம் முதலில் போகிறாரோ, அந்தத் துறையின் உறுப்பே குற்றவாளியாகிவிடுகிறது. மகப்பேறு மருத்துவரிடம் போனால் கர்ப்பப்பை. குடல் மருத்துவரிடம் போனால் குடல்.

இதோடு இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வலியைக் கடத்திய நரம்பு மண்டலம் தானே மாறிப்போகிறது. சிறிய தூண்டலையும் பெரிய வலியாகப் பெருக்கக் கற்றுக்கொள்கிறது. முதலில் வலியைத் தொடங்கிவைத்த புண் ஆறிய பிறகும் வலி நிற்பதில்லை. இது கற்பனை வலி அல்ல, மனப்பிரமையும் அல்ல. நரம்புகளில் நிகழும் உண்மையான மாற்றம். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்ட பெண்ணிடம் எந்த உறுப்பை அகற்றினாலும், வலியைப் பெருக்கும் அந்த அமைப்பு அவரிடமே இருக்கும்.

கத்தியின் நீண்ட வரலாறு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரோம் என்ற சிற்றூரில், 1872-இல் ராபர்ட் பேட்டி என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் சினைப்பைகளை அகற்றினார். மாதவிடாயோடு சேர்ந்து வரும் வலிக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’க்கும் சினைப்பையே மூலம் என்பது அவருடைய நம்பிக்கை. நோயில்லாத சினைப்பைகளை அகற்றும் இந்த முறை ‘பேட்டி அறுவை’ என்ற பெயரோடு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் அதற்கு ஆளானார்கள். நோய்த்தொற்றால் இறந்தவர்கள் உண்டு. பிழைத்தவர்களில் பலர் வலியோடு முன்கூட்டிய மாதவிடாய் நிறுத்தத்தையும் சேர்த்துச் சுமந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோதுதான் மருத்துவ உலகம் மெல்ல அதைக் கைவிட்டது.

உறுப்பை விட்டுவிட்டு நரம்பை அறுக்கும் யோசனையும் பழையதே. முதுகெலும்பின் அடிப்பகுதிக்கு முன்னால் ஓடும் நரம்புக் கற்றையை வெட்டும் முறையை பிரான்ஸில் ழபூலேவும் இத்தாலியில் ருஜியும் 1899-இல் செய்து பார்த்தார்கள். பிற்காலத்தில், சிறு துளை வழியே கருவியை நுழைத்து உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வந்ததும், கர்ப்பப்பையைப் பின்புறம் தாங்கும் தசைநார்களில் உள்ள நரம்பிழைகளைச் சுட்டுவிடும் எளிய வடிவம் பிரபலமானது. பத்து நிமிட வேலை, எல்லோரும் செய்தார்கள். அது பயன் தருகிறதா என்று பிரிட்டனில் 18 மருத்துவமனைகளில் 487 பெண்களிடம் முறையாகச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நரம்பைச் சுட்டார்கள். மீதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பியில் பார்த்ததோடு சரி. தனக்கு எது செய்யப்பட்டது என்று பெண்களுக்குச் சொல்லவில்லை. முடிவு 2009-இல் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து கேட்டும், இரு குழுக்களுக்கும் இடையே வலியில் வித்தியாசமே இல்லை.

ஒட்டல்களின் கதையும் இதுவே. ‘குடலெல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கு, பிரிச்சு விட்டா சரியாயிடும்’ என்ற வாசகத்தைக் கேட்டிராத குடும்பம் குறைவு. நெதர்லாந்தில் நாள்பட்ட வயிற்று வலி கொண்ட நூறு பேரை, பெரும்பாலும் பெண்கள், இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒட்டல்களைப் பிரித்தார்கள். ஓராண்டுக்குப் பின் இரு தரப்பினருக்கும் வலி குறைந்திருந்தது, ஒரே அளவில். 2003-இல் லான்செட் இதழில் வெளியான இந்த ஆய்வு, வலிக்காக ஒட்டல்களைப் பிரிப்பதைக் கைவிடலாம் என்றது. அதே நோயாளிகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பிரிக்கப்பட்டவர்களின் நிலையே மோசமாக இருந்தது. குடல் அடைப்பு போன்ற அவசரங்களுக்கு இது பொருந்தாது. அங்கே பிரித்தே ஆக வேண்டும். வலி மட்டுமே இருக்கும் இடத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இரண்டு ஆய்வுகளும் சொல்லும் இன்னொரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்றுமே செய்யப்படாத பெண்களிலும் கணிசமானோருக்கு வலி குறைந்தது. மயக்கம் கொடுத்து, உள்ளே பார்த்து, ‘பயப்படும்படி ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்கே அவ்வளவு ஆற்றல் இருக்கிறது. தன் அறுவையால்தான் நோயாளி குணமானார் என்று நேர்மையான மருத்துவர்கள்கூட நம்பிவிடுவது இதனால்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாதபோது அந்த நம்பிக்கையைச் சோதிக்கவே முடியாது.

அறுவை உண்மையில் உதவும் இடம்

இவ்வளவையும் படித்துவிட்டு, அறுவையே கூடாது என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. அது முதல் அநீதியை இன்னும் பெரிதாக்கும்.

எண்டோமெட்ரியோசிஸ் உலகில் குழந்தைப்பேற்று வயதிலுள்ள பெண்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கிறது; சுமார் 19 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நோய் தொடங்கிக் கண்டறியப்படுவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடுவது வளர்ந்த நாடுகளிலும் வழக்கம். இந்த நோய்க்கு அறுவை பயன் தரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய்த்திசு முழுமையாக வெட்டியெடுக்கப்பட்ட பெண்களில் 80 சதவீதத்தினருக்கு ஆறு மாதங்களில் வலி குறைந்திருந்தது. வெறுமனே உள்ளே பார்க்கப்பட்டவர்களில் 32 சதவீதத்தினருக்கு. முப்பத்தொன்பது பெண்கள் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வுதான். ஆனாலும் வித்தியாசம் தெளிவானது. மலம் கழிக்கும்போது உயிர்போகும் வலி, தாம்பத்தியத்தைத் தாங்க முடியாத வலி, குடலிலும் சிறுநீர்க் குழாயிலும் ஆழமாக ஊடுருவிய நோய் என்று இருக்கும் பெண்ணுக்கு நல்ல அறுவை புதிய வாழ்க்கையைத் தரும்.

ஆனால் ‘நல்ல’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நிறைய அடங்கியிருக்கிறது. ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் அறுவை சாதாரண மகப்பேறு அறுவை அல்ல. சிறுநீர்க் குழாயைத் தனியாகப் பிரித்தெடுத்து, குடலின் சுவரைச் செதுக்கி, சில சமயம் குடலின் ஒரு பகுதியையே வெட்டி இணைத்து, இடுப்பறை நரம்புகளைக் காயப்படுத்தாமல் முடிக்க வேண்டிய வேலை. மகப்பேறு மருத்துவர், குடல் அறுவை மருத்துவர், சிறுநீரக அறுவை மருத்துவர் மூவரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்க வேண்டியிருக்கும். பிரிட்டனில் இதற்கெனச் சிறப்பு மையங்கள் அங்கீகரிக்கப்படுகின்றன. ஆண்டுக்குக் குறைந்தது பன்னிரண்டு ஆழமான நோய் அறுவைகளையாவது செய்ய வேண்டும். அறுவைக்கு முன்னும், பின்னர் இரண்டு ஆண்டுகள் வரையிலும் நோயாளியின் வலியைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. பிரான்ஸில் 2022 ஜனவரியில் அதிபர் மக்ரோனே எண்டோமெட்ரியோசிஸுக்கான தேசியத் திட்டத்தை அறிவித்தார். நம் நாட்டில் சென்னை, மும்பை போன்ற நகரங்களின் சில தனியார் மருத்துவமனைகளில் இந்தத் திறமை இருக்கிறது. பணமுள்ளவர் தேடிப்போய்ப் பெறுகிறார். தர்மபுரியில் கூலிவேலை செய்யும் பெண், எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் உண்டான தன் ‘சாக்லேட் கட்டி’யில் துளைபோட்டு நீரை மட்டும் வடித்துவிட்ட அறுவையோடு ஊர் திரும்புகிறார். அந்தக் கட்டி பெரும்பாலும் மறுபடி வரும்.

திறமையாகச் செய்த அறுவைக்குப் பிறகும் நோய் திரும்பலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் கணிசமானோருக்குத் திரும்புகிறது. அதனால் உடனே குழந்தை வேண்டாதவர்களுக்கு, அறுவைக்குப் பின் ஹார்மோன் மாத்திரையையோ, மருந்து சுரக்கும் கருத்தடை வளையத்தையோ நீண்ட காலம் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்கவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போனது. எண்டோமெட்ரியோசிஸை உறுதிசெய்ய லேப்ராஸ்கோப்பி கட்டாயம் என்ற பழைய விதியையே அது தளர்த்திவிட்டது. அறிகுறிகளும் ஸ்கேனும் பொருந்தினால் மருந்தை நேரடியாகத் தொடங்கலாம். இந்த ஒரு மாற்றம் நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை வந்து சேர்ந்தால், எத்தனையோ பெண்களின் இழந்த ஆண்டுகள் மிச்சமாகும். டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் இங்கே கடைகளில் கிடைக்கின்றன; ‘இந்த வலி சாதாரணமில்லை’ என்று முதலில் ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கர்ப்பப்பை நீக்கம் எங்கே நிற்கிறது? அடினோமயோசிஸால் கடும் உதிரப்போக்கும் வலியும் கொண்ட, குழந்தைப்பேறு முடிந்த, மருந்துகள் பலன் தராத நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அது நியாயமான தீர்வு. இடுப்பறை வலிக்காகக் கர்ப்பப்பை நீக்கப்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1990-இல் வந்தது. அதில் 78 சதவீதத்தினருக்கு வலி கணிசமாகக் குறைந்திருந்தது. 22 சதவீதத்தினருக்கு வலி தொடர்ந்தது. 1995-இல் 308 பெண்களிடம் நடந்த இன்னொன்றில் 74 சதவீதத்தினருக்கு வலி முற்றிலும் நின்றது. மற்றவர்களுக்கு ஓரளவோ முழுமையாகவோ வலி நீடித்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை நல்ல எண்கள். ஆனால் கருப்பையில் கண்ணுக்குத் தெரியும் நோய் இல்லாதவர்கள், இளவயதினர் ஆகியோரிடம் தோல்வி அதிகம். இந்த ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. நான்கில் ஒரு பெண்ணோ, ஐந்தில் ஒரு பெண்ணோ கர்ப்பப்பையையும் இழந்து வலியையும் வைத்துக்கொண்டிருக்கப் போகிறார் என்ற செய்தி, கையெழுத்துப் போடும் முன் அவரிடம் தமிழில் சொல்லப்படுகிறதா என்பதே என் கேள்வி.

கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிடும் வழக்கம் தனிக் கொடுமை. ‘அதுவும் இருந்து என்ன பண்ணப் போகுது?’ என்று கேட்பார்கள். நிறைய செய்யும். எலும்பு, இதயம், மூளை எல்லாவற்றுக்கும் அதன் சுரப்பு வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் இழந்து, ஹார்மோன் மாற்று சிகிச்சையும் எடுக்காத பெண்களுக்கு எலும்பு முறிவும் இதய நோயும் மறதி நோயும் கூடுதலாக வருவதை அமெரிக்காவின் நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சினைப்பையை விட்டுவைத்துக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும்கூட, மாதவிடாய் நிறுத்தத்துக்கான மாற்றங்கள் சில ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கிவிடுவதுண்டு. மூட்டை தூக்கியும் களை பறித்தும் வாழும் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதில் எலும்பு தேயத் தொடங்கினால், அந்தக் குடும்பத்தின் வருமானமும் சேர்ந்து தேயும்.

நம் நாட்டில் நடந்தது

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் மூன்று சதவீதத்துக்குச் சற்று அதிகமானோர் கர்ப்பப்பை நீக்கம் செய்துகொண்டவர்கள். எண் சிறியதாகத் தெரியலாம். ஆனால் இவர்கள் அனைவரும் ஐம்பதைத் தொடாதவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கோ வலியோதான். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. ஆந்திரமும் தெலங்கானாவும் இந்தப் பட்டியலில் நெடுங்காலமாக முன்னணியில் இருக்கின்றன. நான்காவது கணக்கெடுப்பில் ஆந்திரத்தின் அளவு 8.9 சதவீதம்.

பிஹாரின் சமஸ்திபூர் மாவட்டத்தில் 2012-இல் வெளிவந்த விவகாரம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் தந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா அட்டையோடு தொடர்புடையது. அட்டையில் பணம் இருந்தது. அதை எடுக்கக் கர்ப்பப்பை அகற்றப்பட்டது. சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானின் தௌசாவிலும் இதே குற்றச்சாட்டுகள் எழுந்தன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது இன்னும் ஆழமான துயரம். கரும்பு வெட்டப் போகும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கூலிக் கணக்கு. ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் 500 ரூபாய் அபராதம். மாதவிடாய், வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி எதற்கும் ஓய்வில்லை. வயல் ஓரத்தில் கழிப்பறையும் இல்லை. மருத்துவமனைக்குப் போனால் புற்றுநோய் பயம் காட்டப்பட்டது. மாநில அரசு அமைத்த குழு விசாரித்த 82,309 பெண்களில் 13,861 பேர் கர்ப்பப்பை இழந்தவர்கள் என்று 2019-இல் தெரிந்தது. ஆறில் ஒருவர்.

பீட் பெண்கள் அறியாமையால் ஏமாந்தார்கள் என்று மட்டும் இதைப் படிக்கக் கூடாது. வலிக்கு ஓய்வும் தண்ணீரும் கழிப்பறையும் தராத ஒரு வேலைமுறைக்குள், கர்ப்பப்பை நீக்கம் அவர்களுக்கு நியாயமான கணக்காகவே தோன்றியது. தமிழ்நாட்டுக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-இல் வெளியிட்ட விசாரணை, நம் ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலிக்கு மேற்பார்வையாளர்கள் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகளைக் கொடுத்ததும், இயந்திரத்தை விட்டு எழுந்தால் கூலி போகும் என்பதால் பெண்கள் அதை விழுங்கியதும் அதில் வெளிவந்தன. அந்த வலிகளுக்குள் எத்தனை எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது, எத்தனை தொற்று இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மாத்திரை வேலை செய்யாமல் போகும் நாளில் அந்தப் பெண் போய் நிற்கும் இடம் எது என்று யோசித்தால் அச்சமாக இருக்கிறது.

நம் மாநிலத்துக்கே உரிய வேறு இரண்டு விஷயங்களும் உண்டு. ஐந்தாவது கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதத்தினர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். முதலாவதால், ‘குழந்தைதான் பெற்றாயிற்றே, இனி எதற்குப் பை’ என்ற எண்ணம் மருத்துவரிடமும் குடும்பத்திடமும் சீக்கிரமே குடியேறிவிடுகிறது. இரண்டாவதால், தழும்புள்ள வயிறுகள் பெருகியிருக்கின்றன. சிசேரியன் தழும்பின் ஓரத்தில் ஒரு சிறு நரம்பு சிக்கிக்கொண்டால் வரும் வலி, உள்ளுறுப்பு வலி போலவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத சோதனை ஒன்றை கார்னெட் என்ற அமெரிக்க மருத்துவர் 1926-லேயே விவரித்தார். படுத்திருக்கும் நோயாளியைத் தலையையும் தோளையும் லேசாகத் தூக்கச் சொல்லி, வலிக்கும் புள்ளியில் விரலால் அழுத்த வேண்டும். வலி கூடினால் கோளாறு வயிற்றுச் சுவரில், குறைந்தால் உள்ளே. சுவரில் என்றால் அந்த இடத்தில் மரப்பு ஊசி ஒன்று போட்டாலே பலருக்கு வலி அடங்கும். ஒரு நிமிடச் சோதனை. ‘பல்க்கி யூட்ரஸ்’ (பருத்த கர்ப்பப்பை) என்று ஒரு வரி எழுதிய ஸ்கேன் அறிக்கையை நம்பிக் கர்ப்பப்பையைத் தூக்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்க என்ன தடை?

என்ன செய்யலாம்

நெதர்லாந்தில் 1991-இல் வெளியான ஓர் ஆய்வை நம் மருத்துவக் கல்லூரிகள் பாடமாகவே வைக்கலாம். நாள்பட்ட இடுப்பறை வலி கொண்ட 106 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல முதலில் லேப்ராஸ்கோப்பி. மற்றக் குழுவுக்கு உடல், மனம், உணவு, சூழல், தசை எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே ஒருசேரக் கவனித்தார்கள். லேப்ராஸ்கோப்பி வழக்கமாகச் செய்யப்படவில்லை. ஓராண்டுக்குப் பின் முதல் குழுவில் 41 சதவீதத்தினர் தேறினார்கள். இரண்டாம் குழுவில் 75 சதவீதத்தினர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த முடிவு நம் வார்டுகளுக்குள் நுழையவில்லை. காரணம் ரகசியமானதல்ல. காப்பீட்டு அட்டையில் அறுவைக்குத் தொகை இருக்கிறது. அரை மணி நேரம் அமர்ந்து கேட்பதற்கு, இடுப்புத் தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபிக்கு, மனநல ஆலோசனைக்கு எதிலும் தொகை இல்லை.

மருந்துகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிப்படையான காரணம் தென்படாத இடுப்பறை வலிக்கு நரம்பு வலி மாத்திரையான காபாபென்டினைத் தாராளமாக எழுதிக் கொடுத்துவந்தார்கள். பிரிட்டனில் 306 பெண்களிடம் சோதித்து, அது வெற்று மாத்திரையைவிட மேலானதல்ல என்று 2020-இல் முடிவு சொன்னார்கள். தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும்தான் கூடுதலாகக் கிடைத்தன. சோதித்துப் பார்த்துத் தோற்றதைத் தோற்றது என்று வெளியிடும் இந்த நேர்மைதான் நம் அறுவை அரங்குகளுக்கும் வேண்டும்.

தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு மருத்துவக் கல்லூரி என்ற நிலையை ஏறக்குறைய எட்டிவிட்டோம். ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு நாள் இடுப்பறை வலிக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவு நடத்தலாம். மகப்பேறு, குடல், சிறுநீரகம், பிசியோதெரபி, மனநலம் ஆகிய துறைகளில் ஆள்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். ஒரே அறையில் அமர்வது மட்டுமே புதிது. ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் அறுவைக்குச் சென்னை, மதுரை, கோவை என மூன்று நான்கு அரசு மையங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் அந்த அறுவைகளைக் குவிக்க வேண்டும். கை தேர்வது எண்ணிக்கையால்தான். ஒப்புதல் படிவத்தில் ‘வலி தொடரும் வாய்ப்பு உண்டு’, ‘சினைப்பைகள் விட்டுவைக்கப்படும் / அகற்றப்படும், காரணம்’ என்ற வரிகள் தமிழில் அச்சாக வேண்டும். கணவரோ மாமியாரோ அல்ல, அந்தப் பெண்ணே தனியாக அமர்ந்து அதைக் கேட்டுக் கையெழுத்திட வேண்டும்.

ராஜஸ்தானின் சித்தோர்கரைச் சேர்ந்த பொதுச் சுகாதார மருத்துவர் நரேந்திர குப்தா 2013-இல் தொடர்ந்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2023 ஏப்ரல் 5-இல் தீர்ப்பளித்தது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். தேவையில்லாமலோ உரிய ஒப்புதல் இல்லாமலோ கர்ப்பப்பையை எடுத்ததாகத் தெரியவரும் மருத்துவமனைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றது. மாவட்ட, மாநில, தேசிய அளவில் கண்காணிப்புக் குழுக்களும், ஒவ்வொரு கர்ப்பப்பை நீக்கத்தையும் அதன் காரணத்தோடு பதிவுசெய்வதும் அந்த வழிகாட்டுதல்களில் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளோடு தனியாரும் அதற்குள் அடக்கம். நம் மாவட்டங்களில் அந்தப் பதிவேடுகளைத் திறந்து, நாற்பது வயதுக்குக் குறைந்தவர்கள் எத்தனை பேர், காரணம் என்ற கட்டத்தில் ‘வலி’ என்று மட்டும் எழுதப்பட்டவர்கள் எத்தனை பேர், அகற்றப்பட்ட கர்ப்பப்பையின் திசுப் பரிசோதனையில் நோயே இல்லை என்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சுகாதாரத் துறையின் ஓர் உத்தரவு போதும்.